லிஃப்ட் அடுத்த வாரம் சரியாகிவிடும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மணி பன்னிரண்டரை. குட்டி இப்போதுதான் தூங்கினாள், அதுவும் என் வலது கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. கையை மெதுவாக உருவி, மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, கேஸ் மூடியிருக்கிறதா பார்த்து, கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்து, மறுபடியும் மூச்சைப் பார்த்து... வந்து உட்கார இவ்வளவு நேரம்.

உன்னை இன்று காலையில்தான் கொடுத்தார்கள். ஒரு துணிப்பை, ஒரு பேனா, கழுத்தில் மாட்ட ஓர் அட்டை, அப்புறம் நீ. அட்டையில் என் பெயருக்குக் கீழே 'நிறுவனர்' என்று அச்சடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் கழற்ற மறந்துவிட்டேன். அத்தை பார்த்துவிட்டு, "என்னம்மா, ஸ்கூல்ல சேர்ந்துட்டியா?" என்றார். என் மாமியாருக்கு வாய் அப்படி. மனசு அப்படி இல்லை என்று இவர் சொல்வார். இவர் சொல்லாமல் யார் சொல்வார்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு படித்தால் எனக்கே புரிய வேண்டும். நன்கொடையாக வந்து, முன்சக்கரம் ஒடிந்து, மூலையில் கிடக்கும் வீல்சேர்களைச் சரிசெய்து மறுபடி ஓட வைப்பது. கொடுப்பவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுக்கிறார்கள். மூன்றாம் மாதம் பேரிங் போனால் யாரிடம் போவது என்று யாரும் சொல்வதில்லை. அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அப்படித் தேடி அலைந்துதான் அண்ணனைக் கண்டுபிடித்தேன். கூடப்பிறந்தவரில்லை, ஒரு மெக்கானிக். இருபது வருடமாகத் தானும் வீல்சேரில் இருப்பவர். 'வண்டி' என்றுதான் சொல்வார். அப்பா போய்விட்டார். அண்ணனும் நானும் சேர்ந்து பட்டறை போட்டோம். கை அவருடையது, ஓட்டம் என்னுடையது. குட்டியைவிடப் பட்டறை நாலு மாதம் மூத்தது.

பட்டறை இருப்பது ஒருவருடைய கார் ஷெட்டில். மே கடைசியில் அதை இடிக்கப்போகிறார். இந்தக் கூட்டமைப்பு, எங்களைப்போல சமூகத்துக்காகத் தொழில் செய்யும் பன்னிரண்டு குழுக்களைச் சேர்த்திருக்கிறது. பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை கூட்டம். முடிவில் நான்கு குழுக்களுக்குப் புதுக் கட்டடத்தில் இரண்டு வருடத்துக்கு இடம். தரைத்தளம். அகலக் கதவு. அது கிடைத்தால் பட்டறை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கூட்டம் நடக்கும் அறை இரண்டாவது மாடி. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது.

ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். இளவயது, இஸ்திரி போட்ட சட்டை, நல்ல மரியாதை. "சாரி சார், இன்னிக்கு மட்டும்தான். அடுத்த வாரம் சரியாயிடும். நாலு பேர் சேர்ந்து அப்படியே தூக்கிட்டுப் போயிடலாமா?"

அண்ணன் சிரித்தார். "வேணாம் தம்பி. நான் மூட்டை இல்ல. ஒரு ஸ்பேனர் குடுங்க, லிஃப்டையே பார்த்துடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்பேனர் யாரும் கொடுக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க இன்ஜினியரம்மா" என்றார். நான் போனேன். திரும்பிப் பார்க்காமல்தான் போனேன், எழுதிவிடுகிறேன். மேலே டீ இருந்தது, பேச ஆள் இருந்தது, ஏழு மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் யாரோ குட்டியின் மலத்தைப் பற்றி இல்லாத ஒரு கேள்வி கேட்டார்கள்.

வருகைத்தாளில் எங்கள் குழுவுக்கு இரண்டு கட்டம். ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 4

குட்டிக்கு முதல் பல். என் தோளில் கடித்துக் காட்டினாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லிஃப்ட் அதே. அட்டை மட்டும் புதுசு, லேமினேட் செய்திருக்கிறார்கள். லேமினேட் செய்யும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேற்றே அண்ணனிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன், "நீங்க அலைய வேணாம் அண்ணா, லிஃப்ட் சரியானதும் சொல்றேன். அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி? அவரைக் கீழே விட்டுவிட்டு மேலே போகும் அந்த ஒரு நிமிடம் இனி இல்லை என்பதாலா?

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று 'தொடர்பு வளர்க்கும் பயிற்சி'. நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு நிமிடம் பேச வேண்டும், விசில் அடித்ததும் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். பெண் பார்க்கிற சடங்கை விசில் வைத்து நடத்தியது மாதிரி. கழிவுத் தண்ணீரிலிருந்து உரம் செய்கிறவர், பேச்சு வராத குழந்தைகளுக்குப் படப் புத்தகம் செய்கிறவர், அப்புறம் என்ன செய்கிறார் என்று இரண்டு நிமிடத்தில் எனக்குப் புரியவே புரியாத ஒருவர். "நான் செயல்படுறவங்களைச் செயல்பட வைக்கறவங்களுக்கு உதவுறேன்" என்றார். விசில் அடித்தது. நல்லவேளை.

இருபத்து மூன்று விசிட்டிங் கார்டு சேர்த்தேன். வீட்டில் குட்டி அதில் ஆறைத் தின்றுவிட்டாள்.

ஒருங்கிணைப்பாளரிடம், ஷெட் போய்விடும், அதற்கு முன்னால் தற்காலிகமாகவாவது தரைத்தளத்தில் ஓர் அறை தேவை என்று சொன்னேன். "கவலைப்படாதீங்க மேடம், நான் இணைச்சு விடுறேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லும் விதமே ஒரு தைலம் தடவுவது மாதிரி இருக்கிறது. இணைச்சு விடுறேன். படிக்கட்டில் இறங்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

இணைத்து விட்டார். ஓர் அறக்கட்டளையின் செயலாளர். அவர், "இடமா? அது நம்ம ஏரியா இல்லையே. ஒரு பில்டர் இருக்கார், இணைச்சு விடுறேன்."

மார்ச் 9

பில்டர்: "செய்யலாம், செய்யலாம். இதெல்லாம் ஒரு புரொபசர் பார்த்துக்கறார். இணைச்சு விடுறேன்."

மார்ச் 12, வியாழன்

புரொபசர் முக்கால் மணி நேரம் பேசினார். சாய்தளத்தின் சரிவு என்ன விகிதத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தார். குட்டி இடுப்பில் நெளிந்துகொண்டிருந்தாள். கடைசியில், "இந்த விஷயத்துல களத்துல இறங்கி வேலை செய்யற ஒரு அம்மா இருக்காங்க. ரொம்ப நல்லாப் பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்க நம்பர் கிடைச்சிருக்கு, அனுப்புறேன், பேசுங்க" என்றார்.

நம்பர் வந்தது.

என் நம்பர்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர் ஷிப்ட் முடிந்து வந்தவர், லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல், "என்னாச்சு, என்னாச்சு?" என்று பதறினார். காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பாரு. எடுத்தாலும் எடுப்பாங்க" என்றார்.

போட்டேன். பிஸி என்று வந்தது.

மார்ச் 13

அண்ணனிடம் இதைச் சொன்னேன். சக்கரத்துக்கு ஸ்போக் முடுக்கிக்கொண்டே கேட்டார். "நல்லதுதானேம்மா. சுத்தி வந்து அதே இடத்துல நின்னா சக்கரம் கோணல் இல்லன்னு அர்த்தம்" என்றார்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்திருந்தாள், அவள் அப்பா தூக்கி வந்தார். வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் விரிசல். சந்துகளில் ஓட்டி ஓட்டி இரண்டாவது தடவை. இம்முறை வெல்டிங் போதாது, கவையையே புதிதாகச் செய்ய வேண்டும் என்றார் அண்ணன். அதுவரை அப்பாதான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போகிறார். "அப்பாவுக்கு முதுகு வலி, எனக்கு மானம் போகுது. சீக்கிரம் பண்ணுங்கக்கா" என்றாள். "அக்கா எங்க பண்றது, நான்ல பண்ணணும்" என்று அண்ணன் சொன்னதும், "அப்ப நீங்க சீக்கிரம் பண்ணுங்க, அக்கா சீக்கிரம் பேசட்டும்" என்றாள். சரியாகத்தான் பிரித்தாள் வேலையை.

மார்ச் 24, செவ்வாய்

அத்தைக்குத் தலைசுற்றல். குட்டியைத் தூக்கிக்கொண்டே கூட்டத்துக்குப் போனேன். இரண்டு மாடி. அவள் கனம், பை கனம். மேலே போனதும் ஒருங்கிணைப்பாளர் குட்டியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, மெதுவாக, "அடுத்த தடவை வேற ஏற்பாடு பண்ணிட்டா நல்லது மேடம். குழந்தையோட இருந்தா ஃப்ரீயா கலந்து பழக முடியாதுல்ல?" என்றார்.

எல்லோரையும் உள்ளடக்குவது பற்றித்தான் இன்றைய வகுப்பு. சத்தியமாக. பலகையில் எழுதியிருந்தது.

வாசலுக்கு வெளியே நின்று குட்டியை ஆட்டிக்கொண்டே கேட்டேன். அண்ணன் கீழே, நான் வாசலில். இன்னும் கொஞ்ச நாளில் உள்ளே யார்தான் இருப்பார்கள்?

ஏப்ரல் 9, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்திருந்தார். 21-ஆம் தேதி நடுவர்கள் முன்னால் ஆறு நிமிடம் பேச வேண்டும். நான் பேசிக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினார்.

"நாங்க, நாங்கன்னு சொல்லிட்டே இருக்கீங்க. யாரு அது நாங்க? கேக்கறவங்களுக்கு ஒரு முகம் வேணும். நீங்க படிச்சவங்க, அம்மா, சின்ன வயசு. அந்த முகம் போதும். 'நான்'னு சொல்லுங்க. தைரியமா."

"என் பார்ட்னர் ஒருத்தர்..."

"அவர் எங்க?"

எங்கே என்று சொல்ல? ஒன்பது வாரமாக லிஃப்ட் சரியாகவில்லை என்று சொல்லலாம். சொன்னால் குறை சொல்கிறவள் ஆகிவிடுவேன். எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டே வாரம். வாயை மூடிக்கொண்டேன்.

'நான்' போட்டுப் பேசினேன். முதல் தடவை நாக்குத் தடுக்கியது. நாலாவது தடவை தடுக்கவில்லை.

ஏப்ரல் 15

பட்டறைக்குப் போட்டோ எடுக்க வந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். கையை மட்டும் எடுத்தார்கள். "கை பேசும் சார்" என்றார் போட்டோக்காரர். "அப்ப வாயை மூடிக்கறேன்" என்றார் அண்ணன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேடையிலிருந்து இறங்கி ஃபோனை எடுத்துப் பார்த்தால் அத்தையிடமிருந்து பதினோரு அழைப்பு. குட்டிக்குக் காய்ச்சல், நூற்று மூன்று. இரண்டு மாடி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்குப் போனபோது ஈரத்துணி போட்டு, மருந்து கொடுத்து, அத்தை தன் மடியில் தூங்க வைத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி: "கைதட்டினாங்களா?"

அதில் குத்தல் இருந்ததா, இல்லையா? இப்போதுவரை யோசிக்கிறேன். இருந்தது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

ஏப்ரல் 22

காய்ச்சல் இறங்கியது. இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்றே காலுக்கு ஒரு தடவை, நாலரைக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 27, திங்கள்

பேசிய வீடியோவைக் கூட்டமைப்பு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது. அண்ணனுக்கும் போயிருக்கிறது. அவர் ஃபோன் நம்பரை அந்தப் பட்டியலில் கொடுத்தது நான்தான்.

பட்டறைக்குள் நுழையும்போதே ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"நல்லாப் பேசினீங்க இன்ஜினியரம்மா."

"அண்ணா..."

"எண்ணிப் பார்த்தேன். முப்பத்தோரு 'நான்'."

"அவங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்கண்ணா. ஒரு முகம் வேணுமாம். இடம் கிடைக்கணும்னுதான்..."

"கோவிக்கலம்மா. உண்மையாச் சொல்றேன், கோவம் இல்ல. 'நான் சரிசெய்த நூற்றுப் பத்து வண்டிகள்'னு நீங்க சொல்லும்போது திரையில ஒரு கை வந்துச்சு. நகத்துல கிரீஸு. மணிக்கட்டோட வெட்டியிருந்தாங்க. எனக்கு ஒரு நிமிஷம் புரியல. எவனோட கை இதுன்னு நினைச்சேன்." சிரித்தார். "நாங்கன்னும் சொல்லல, நாமன்னும் சொல்லல. சரி விடுங்க. இடம் கிடைச்சா சரி."

மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். நான் டீ வாங்கி வந்தேன். குடித்தார். எப்போதும் பாதி எனக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்.

மே 11, திங்கள்

இல்லை.

நான்கு பெயரில் எங்கள் பெயர் இல்லை. மதிப்பெண்ணில் நாங்கள் இரண்டாம் இடம். கடிதத்தில் அதையும் எழுதியிருக்கிறார்கள், மகிழட்டும் என்று. அதற்குக் கீழே: 'இணை நிறுவனரின் வருகை: பன்னிரண்டுக்குப் பூஜ்யம். விதி 7-இன்படி தகுதி இழப்பு.'

மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை சத்தமாகப் படித்தேன். குட்டி கைதட்டினாள். இப்போதெல்லாம் எதற்கும் கைதட்டுகிறாள்.

மே 12, செவ்வாய்

போனேன். இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க ஒருங்கிணைப்பாளர் மேசை முன்னால் நின்றேன்.

"சார், அவர் வீல்சேர்ல இருக்கறவர். எங்க தொழிலே வீல்சேர். உங்க லிஃப்ட் பன்னிரண்டு வாரமா ஓடல. அவர் எப்படி வருவார்?"

அவருக்கு முகம் வாடியது. நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம். "எனக்கும் வருத்தமா இருக்கு மேடம். ஆனா விதி எல்லாருக்கும் பொது. உங்களுக்கு மட்டும் தளர்த்தினா மத்தவங்க கேப்பாங்கல்ல? நீங்க ஒரு தடவைகூட எழுத்துல புகார் குடுக்கலையே?"

குடுக்கலை. உண்மை. நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பீல் பண்ணலாம்" என்றார். "வழி இருக்கு. அண்ணன் நேர்ல வந்து குழு முன்னாடி விளக்கம் குடுத்தா பரிசீலிப்பாங்க."

"எங்க வரணும்?"

"இங்கதான். இதே ஹால்."

அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கணினியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "லிஃப்ட் அடுத்த வாரம்..." என்று தொடங்கினார். நான் இறங்கி வந்துவிட்டேன். படியில் அழுதேன். அழுதால் என்ன, படியில் யாரும் இல்லை.

மே 13

அண்ணனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு, "அந்தப் பொண்ணோட கவைக்கு இரும்பு வந்துடுச்சாம்மா?" என்றார். வரவில்லை.

மே 30, சனி

ஷெட்டைக் காலி செய்தோம். பதினேழு வண்டிகளை அந்தந்த வீட்டிலேயே கொண்டுபோய் விட்டேன். பாதி சரியானவை, பாதி ஆகாதவை. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர், வண்டியைப் பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சா?" என்று முகம் மலர்ந்தார். அந்த முகத்துக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

அண்ணனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் விசாரணை மேசையில் வேலை கிடைத்திருக்கிறது. ஃபோன் எடுத்து, எந்த மாடி, எந்த அறை என்று சொல்ல வேண்டும். வேறு ஊர். "அங்க லிஃப்ட் ஓடுது" என்றார், போகிற போக்கில்.

கருவிப்பெட்டியை என்னிடமே விட்டுவிட்டார். "எனக்கு அங்க எதுக்கு? நீங்க தொட்டுப் பழகுங்க. இன்ஜினியர்தானே."

அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். மூட்டை இல்லை என்று அன்றைக்குச் சொன்னவர், இன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 4

அந்தப் பெண்ணின் வண்டி மட்டும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. கவையைக் கழற்றப் பார்த்தேன். மரை தேய்ந்துவிட்டது. நாலு வருடம் மெக்கானிக்கல் படித்தேன். ஒரு போல்ட் கழற்றத் தெரியவில்லை.

குட்டி அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முதல் தடவை. யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று தெரியாமல் அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, வண்டியையும் பார்த்துவிட்டு, "அவர் எப்ப வருவார்?" என்றார். அண்ணனை அத்தை விசாரிப்பது இதுதான் முதல் தடவை.

ஜூன் 9, செவ்வாய்

கூட்டமைப்பின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள். பக்கம் பதினொன்றில் நான், மைக்குடன். பக்கம் பன்னிரண்டில் அண்ணனின் கை. கீழே, 'இந்த ஆண்டு உருவான இணைப்புகள்: 1,140'. அதில் அந்தச் செயலாளர் ஒன்று, பில்டர் ஒன்று, புரொபசர் ஒன்று. நான் எனக்கே அறிமுகமானதும் ஒன்றாக இருக்கும்.

கூடவே ஒரு கடிதம். அடுத்த ஆண்டுக் குழுக்களுக்கு நான் 'வழிகாட்டி' ஆக வேண்டுமாம்.

மாலையில் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. பார்வையில்லாதவர்களை வைத்துத் தட்டச்சு வேலை செய்கிறாளாம், யாரோ என் நம்பரைக் கொடுத்தார்களாம், சின்னதாக ஓர் இடம் தேவையாம். என் விரல் தானாக அடித்தது: 'கவலைப்படாதீங்க, இணைச்சு விடுறேன்.'

அடித்துவிட்டுப் பார்த்தேன். அந்த எழுத்துக்களைப் பார்க்கவே உடம்பு கூசியது. இந்த நாலு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதானா? அழித்தேன். 'எனக்கே இடம் கிடைக்கலைங்க. யாரையும் தெரியாது. ஆனா தேடிக்கிட்டிருக்கேன், எனக்குக் கிடைச்சா உங்களுக்கும் ஒரு மேசை போட முடியுமான்னு பார்க்கறேன்' என்று எழுதினேன். அவள் உடனே பதில் போட்டாள்: 'உண்மையைச் சொன்னதுக்கு நன்றிங்க.'

ஜூன் 16, செவ்வாய்

அந்த நிறுவனர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாடி ஏற மனசில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் நீட்டினேன், மேலே கொடுத்துவிடச் சொல்லி.

"எங்கம்மா அந்த வண்டிக்காரர்? ஆளையே காணோம்" என்றார். எப்போதும் சிடுசிடுவென்று இருப்பவர், நான் அவரிடம் வணக்கம் தவிர ஒன்றும் பேசியதில்லை.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியுமாவா? இந்த கேட்டு ஏழு வருஷமா கத்திட்டுக் கிடந்துச்சு. முதல் நாளே கிரீஸ் போட்டு, சக்கரத்தை நிமிர்த்தி விட்டார். இப்பப் பாருங்க." ஒரு விரலால் தள்ளினார். இரும்புக் கேட் சத்தமில்லாமல் ஓடியது. "வாரா வாரம் வருவார். லிஃப்ட் ஆச்சாம்பார். இல்லம்பேன். கொஞ்ச நேரம் உக்கார்ந்து பேசிட்டு, நீங்க இறங்கறதுக்கு முன்னாடி கிளம்பிடுவார். 'அந்தப் பொண்ணு பார்த்தா சங்கடப்படும்'பார்."

"வாரா வாரமா?"

அவர் கேட் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அண்ணனின் கோணல் கையெழுத்து. பிப்ரவரி 3. பிப்ரவரி 10. 17. 24. மார்ச் 3... உள்ளே 9.40, வெளியே 12.10. ஏப்ரல் 14 வரைக்கும். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: 'கூட்டம்'.

ஏப்ரல் 21 மட்டும் இல்லை. பதினொன்று. பன்னிரண்டுக்குப் பதினொன்று. நான் வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் பத்து.

நான் அங்கேயே, கேட்டுப் பக்கத்தில், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்புறம் அவராகவே, "என்ன, இடம்தானே பிரச்சினை? அவர் சொல்லியிருக்கார்" என்றார். "எங்க மச்சினர் பிரிண்டிங் பிரஸ் வச்சிருந்தார், மூடிட்டார். ரோட்டு மட்டத்துல இருக்கு. பேப்பர் லாரி உள்ள போகும், உங்க வண்டி போகாதா? இருங்க, கேக்கறேன்."

ஃபோனை எடுத்தார். "நான்தான். அந்த பிரஸ்ஸு சும்மாத்தானே கிடக்கு? ஆமா. ஆமா. இப்ப வருவாங்க. சாவியை எடுத்து வை."

இணைச்சு விடுறேன் என்று அவர் சொல்லவே இல்லை.

ஜூன் 17

ரெஜிஸ்டர் பக்கங்களைப் படம் எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன், இடத்துக்காக இல்லை, பூஜ்யத்துக்காக. பதில்: 'புரிகிறது மேடம். ஆனால் இது கேட் ரெஜிஸ்டர். வருகைப் பதிவேடு வேறு.'

வழிகாட்டியாக வர முடியாது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'மாடி ஏற முடியாது' என்று எழுதினேன்.

ஜூன் 20, சனி

சாவி கையில் இருக்கிறது. மை வாசனை இன்னும் போகவில்லை. ஷட்டர் அகலம். படி இல்லை. அத்தை குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, சுற்றிப் பார்த்து, "இருட்டா இருக்கே" என்றார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெருக்க ஆரம்பித்தார்.

தட்டச்சுப் பெண்ணுக்கு ஜன்னல் பக்கம் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது, அவர்களுக்கு ஜன்னல் எதற்கு என்று. இவர் சொன்னார், "காத்து வேணாமா?" சரிதான். எத்தனை விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது எனக்கு.

ஜூன் 22, திங்கள்

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னிப்பு என்று தொடங்கினால் நான், நான் என்றே வருகிறது. நாளைக் காலைத் தபாலில் போக வேண்டியது இது. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணா,

கேட் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டியதை நேரில்தான் பேச வேண்டும். இப்போது வேலை விஷயம் மட்டும்.

நமக்கு இடம் கிடைத்துவிட்டது. ரோட்டு மட்டம், படி இல்லை. நீங்கள் கேட்டைச் சரிசெய்தீர்களே, அந்த வாட்ச்மேன் கொடுத்தது. ஆகவே இதுவும் நீங்கள் வாங்கிய இடம்தான். நம் கருவிப்பெட்டி அங்கே இருக்கிறது. அந்தப் பெண்ணின் வண்டி அங்கே இருக்கிறது, கவைக்கு இரும்பு வந்துவிட்டது, அவள் அப்பா இன்னும் தூக்கிக்கொண்டுதான் போகிறார். போல்ட்டின் மரையை நான் கெடுத்து வைத்திருக்கிறேன், திட்டலாம்.

ஆஸ்பத்திரி வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஆனால் எப்படியானாலும் ஒன்று தெரிய வேண்டும். பிரஸ்ஸில் கழிவறைக் கதவு இருபத்து நான்கு அங்குலம்தான். அளந்துவிட்டு நின்றபோதுதான் தெரிந்தது, நூற்றுப் பத்து வண்டியின் அளவு எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் வண்டியின் அளவு மட்டும் என்னிடம் இல்லை. வரும் திங்கட்கிழமை கொத்தனார் சுவரை இடிக்க வருகிறார். எவ்வளவு இடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் வண்டி எத்தனை அங்குல அகலம்? அதை மட்டுமாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.